ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் உடனே டேஷ்போர்டைக் கழற்றவிடாதீர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டியில் என் பட்டறைக்கு அடிக்கடி வரும் புகார் இது: "அண்ணா, ஹீட்டர் போட்டா ஏசி மாதிரி ஜில்லுனு வருது." பெரும்பாலும் அது கீழே இருந்து வந்த வண்டியாக இருக்கும். சமவெளியில் வருடம் முழுக்க அந்தத் திருகை யாரும் சிவப்புப் பக்கம் திருப்புவதில்லை. அதனால் பழுது எப்போது வந்தது என்று ஓட்டுபவருக்கே தெரியாது. மலையேறி, விடிகாலையில் முன்கண்ணாடி புகைந்து வழி மறைக்கும்போதுதான் ஹீட்டர் ஞாபகம் வரும்.

பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவந்து சூடாகும் கூலன்ட் என்ற திரவம், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள்ளும் போய்த் திரும்புகிறது. ப்ளோயர் அதன்மேல் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். ஏசி நன்றாக வேலை செய்வதை வைத்து ஹீட்டரும் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அது வேறு வழி, இது வேறு வழி.

நான் முதலில் பார்ப்பது டெம்பரேச்சர் முள்ளை. போன சீசனில் ஒரு குடும்பம் மதுரைப் பக்கமிருந்து வந்திருந்தது. அரைமணி நேரம் ஓட்டியும் முள் அடியை விட்டு எழவே இல்லை. (முள் இல்லாத பல கார்களில், எஞ்சின் சூடாகும்வரை ஒரு நீல விளக்கு எரியும். அது அணையவே இல்லை என்றாலும் இதே கதைதான்.) "முன்னாடி எப்பவாவது ஓவர்ஹீட் ஆச்சுங்களா?" என்று கேட்டேன். இரண்டு வருடம் முன்பு ஆனதாம். ஊரில் ஒரு மெக்கானிக் சரிசெய்தாராம். திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கவேண்டிய இடம் காலி!

கீழே இது சர்வ சாதாரணமான வைத்தியம். வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும். புதிது மாற்றாமல் பழையதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். சராசரியாக 82 முதல் 90 டிகிரி வந்த பிறகே திறந்து, கூலன்டை ரேடியேட்டருக்கு அனுப்ப வேண்டிய வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதுமே எல்லாம் ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிடும். ஊட்டிக் குளிரில் எஞ்சின் சூடேறவே ஏறாது. ஹீட்டர் போனது மட்டுமல்ல, எஞ்சின் குளிராகவே ஓடுவதால் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். அவருக்கும் மைலேஜ் குறைந்திருந்தது, ஆனால் வண்டி பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டார். சில நூறு ரூபாய் வால்வு போட்டதும் ஹீட்டர் வந்துவிட்டது.

முள் நடுவில் நின்றும் சூடு வரவில்லையா? எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் அழுத்தம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. திறந்தால் முகத்தில்தான் அடிக்கும். அளவு குறைந்தாலோ உள்ளே காற்று சிக்கி ஏர் லாக் ஆனாலோ, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது சூடும், நின்றால் குளிருமாக மாறி மாறி வரும்.

அளவு சரி என்றால், எஞ்சினை அணைத்துவிட்டு, கேபின் பக்கத் தகட்டுச் சுவருக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் மேலோட்டமாகத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டும் சுட்டால் உள்ளே காற்றைத் திருப்பும் மடல் சிக்கியிருக்கிறது, அல்லது அதன் கேபிளோ குட்டி மோட்டாரோ போயிருக்கிறது. ஒன்று சுட்டு இன்னொன்று குளிர்ந்தால் குட்டி ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். கூலன்டுக்குப் பதில் வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் துரு சேரும். ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போடும் பழைய டிரைவர் வித்தையும் உண்டு. அந்தத் தூள் ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, மெல்லிய குழாய்களை நிச்சயம் அடைக்கும். எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு அலசியபோது குழம்பு மாதிரி மஞ்சளாக வந்த வண்டியை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டு ஹோஸும் இணைத்து வளைத்துக் கட்டியிருந்தால், யாரோ ஒழுகும் ஹீட்டருக்குள் கூலன்ட் போகாதபடி அதை 'பைபாஸ்' செய்திருக்கிறார்கள். முன்சீட்டுக் கால்மிதி ஈரம், இனிப்பான வாசனை, கண்ணாடியில் பிசுபிசுப்பு, இவை இருந்தால் மட்டும் டேஷ்போர்டைக் கழற்றும் பேச்சுக்கு வாருங்கள். சிந்திய கூலன்டை உடனே துடைத்துவிடுங்கள். நாய் நக்கினால் செத்துப்போகும், குழந்தைகளுக்கும் விஷம்.

சரி, பட்டறை திறக்கவில்லை, காலையிலேயே மலை இறங்க வேண்டும், ஹீட்டரும் இல்லை என்றால்? வெளிக்காற்று வரும்படி வைத்து ஏசியைப் போட்டு முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். பின்சீட்டிலிருந்து பாட்டி திட்டுவார், ஆனால் கண்ணாடி தெளிந்துவிடும்.