சர்மூலாஜ்னா என்ன? தமிழ்ல எப்படி சொல்றது?

பழைய விளையாட்டு வீரர் சிலை, ரேஸ் குதிரை சிலை எல்லாம் தேடித்தேடி வாங்குறவங்க இந்த வார்த்தைய அவசியம் தெரிஞ்சு வச்சுக்கணும். பிரெஞ்சு சொல். சர்னா மேல, மூலாஜ்னா அச்சு எடுக்குறது. அந்த மூல்ங்கிற அச்சு லத்தீன் மொடுலுஸ்ல இருந்து வந்தது, அதுக்கு சின்ன அளவுன்னு அர்த்தம், பொருத்தம்தான், ஏன்னா இத கண்டுபிடிக்கிறதே அளவ வச்சுத்தான்.

சிற்பியோட மெழுகு, பிளாஸ்டர் மாடல்ல இருந்து அச்சு எடுக்காம, ஏற்கெனவே வார்த்து முடிச்ச வெண்கல சிலை மேலயே அச்சு எடுத்து இன்னொன்னு வார்த்தா அதான் சர்மூலாஜ். வெண்கலம் ஆறும்போது சுமாரா 1.5ல இருந்து 2 சதவீதம் சுருங்கும், ஒரிஜினலும் ஒரு தடவ சுருங்கினதுதான், இது அதுக்கும் மேல இன்னொரு தடவ சுருங்குது, அதனால 50 செ.மீ. சிலைன்னா முக்கால்ல இருந்து 1 செ.மீ. வரைக்கும் குறையும். மொத்த உயரத்த மட்டும் அளந்து ஏமாறாதீங்க, பீடத்த யாராவது மாத்தியிருக்கலாம். காலிப்பர்ங்கிற அளவுக் கருவி வச்சு குதிகால்ல இருந்து முட்டி வரைக்கும்னு உடம்புலயே ரெண்டு புள்ளிய அளந்து, ஒரிஜினல்னு உறுதியான ஒன்னோட ஒப்பிடுங்க.

அடுத்தது லென்ஸ். பட்டறை முத்திரையும் கையெழுத்தும் இருக்கேன்னு சந்தோஷப்பட வேணாம், அச்சுல அதுவும் சேர்ந்தே வந்துடும். ஆனா எழுத்து விளிம்பு மழுங்கி இருக்கும், ஜாக்கி, அதாவது ரேஸ் குதிரை ஓட்டுறவர், அவர் விரலுக்கு நடுவுல இருக்கிற பள்ளம் தூர்ந்து போயிருக்கும்.

இதுக்காக சர்மூலாஜ் எல்லாமே போலின்னு அர்த்தம் இல்ல. பிரெஞ்சு ஓவியரும் சிற்பியுமான எட்கர் டெகா 1917ல செத்த பிறகு அவரோட குதிரை, ஜாக்கி மெழுகு உருவங்கள எப்ரார் பட்டறை வெண்கலத்துல வார்த்துச்சு, முதல்ல ஒரு மாஸ்டர் செட், அதுல இருந்துதான் மத்த காப்பி எல்லாம். அதாவது பெரிய பெரிய மியூசியத்துல இருக்கிறதே சர்மூலாஜ்தான்! மாஸ்டர் செட் 1970கள்லதான் வெளிய தெரிஞ்சுது, அமெரிக்க கலைப்பொருள் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் வாங்கிட்டார்.

தமிழ்ல மறுவார்ப்புன்னு சொல்லலாமான்னா, எனக்கு ஒப்பல. ஒரிஜினல் அச்சுலயே திரும்ப வார்த்தாலும் அது மறுவார்ப்புதானே. படிவார்ப்புன்னு சொன்னா சரியா இருக்கும், படின்னா நகல். ஒரிஜினலுக்கு மூலவார்ப்பு. விக்கிறவர்கிட்ட இது மூலவார்ப்பா படிவார்ப்பான்னு நேரா கேட்டு, பில்லுலயே எழுதி வாங்கிக்குங்க.