பித்தப்பை அறுவை: எந்தக் குழாயை வெட்டுகிறோம்?

கல்லீரலில் சுரக்கும் பித்தம் பொதுப் பித்தநாளம் வழியாகச் சிறுகுடலுக்கு இறங்குகிறது. அந்த நாளத்தின் பக்கவாட்டில், 2–3 மி.மீ. அகலமுள்ள பித்தப்பை நாளம் என்ற சிறு குழாயின் முனையில் பித்தப்பை இருக்கிறது. கல்லுக்காக அதை எடுக்கும்போது வெட்ட வேண்டியவை இரண்டுதான்: அந்தச் சிறு குழாயும் பித்தப்பைத் தமனியும். தவறிப்போய்ப் பொது நாளத்தை வெட்டிவிட்டால் கல்லீரலின் வடிகாலே அறுந்துபோகும்.

சிறு துளைகள் வழியாகக் கேமரா வைத்துச் செய்யும் லேப்ராஸ்கோபியில் ஆயிரம் பேரில் ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து பேருக்கு இது நேர்வதாக நீண்ட காலம் சொல்லப்பட்டு வந்தது. வயிற்றைத் திறந்து செய்தபோது ஒன்றிரண்டுதான். கை நடுங்கி நேரும் விபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். 252 காயங்களை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த ஆய்வு வேறு விதமாகச் சொன்னது: 97% காயங்களுக்கு முதற்காரணம் கண்ணின் தவறு. கை சரியாகவே வேலை செய்திருக்கிறது, வெட்டிய குழாய்தான் வேறு.

கண் எப்படி ஏமாறுகிறது? பித்தப்பையின் கழுத்தை வெளிப்பக்கமாக இழுத்தால் சிறு குழாய் பொது நாளத்திலிருந்து கோணமாக விலகி நிற்கும். மேல்நோக்கி இழுத்தால் இரண்டும் ஒரே கோட்டில் வந்து ஒரே குழாய்போலத் தெரியும். அழற்சியில் கழுத்து பொது நாளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சிறு குழாய் கண்ணிலேயே படாது. அப்போது பொது நாளத்துக்குக் கிளிப் (குழாயை இறுக்கி மூடும் சிறு கவ்வி) போட்டு வெட்டுகிறார்கள். மேலே போகப் போக இன்னொரு குழாய் குறுக்கிடும். அது கல்லீரலிலிருந்து பித்தத்தைக் கொண்டுவரும் கல்லீரல் நாளம். 'கூடுதல் நாளம்' என்று நினைத்து அதையும் வெட்டிவிடுவார்கள். பக்கத்திலுள்ள வலது கல்லீரல் தமனியும் சில நேரம் சேர்ந்து போய்விடும்.

இதற்கு 1995இல் அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் பரிந்துரைத்த விதியைத்தான் நாங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறோம். கிளிப் போடுமுன் இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கல்லீரலுக்கும் நாளத்துக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் நுழைய வேண்டும். முன்னாலும் பின்னாலும் புரட்டிப் பார்த்துவிட்டே வெட்டலாம்.

தெரியவில்லையென்றால் வெட்டக் கூடாது. சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கலாம், மூத்தவரை அழைக்கலாம். கழுத்துப் பகுதியை விட்டுவிட்டு, கற்களை அகற்றி, பித்தப்பையின் பெரும்பகுதியை மட்டும் எடுத்து டிரெயின் (கசிவை வெளியேற்றும் குழாய்) வைக்கலாம். இதைத் தோல்வி என்று யாரும் சொல்லக் கூடாது.

வெட்டாமலும் காயம் வரும். நாளத்துக்கான ரத்தக் குழாய்கள் அதன் இரு விளிம்புகளையும் ஒட்டி ஓடுகின்றன. மின்கருவியின் சூடு அங்கே பட்டால், சில மாதங்கள் கழித்து நாளம் சுருங்கிவிடும்.

அறுவைக்குப் பின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் வலி கூடினாலோ, வயிறு உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ, டிரெயினில் பச்சை மஞ்சளாகப் பித்தம் இறங்கினாலோ, கண் மஞ்சளானாலோ 'கேஸ்' (வாயு) என்று விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) பார்க்க வேண்டும், ஸ்கேன், தேவைப்பட்டால் எம்ஆர்சிபி (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ) எடுக்க வேண்டும்.

சிறு குழாயின் அடிக்கட்டை மட்டும் கசிந்தால், ஈஆர்சிபி மூலம், அதாவது வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தால் பித்தம் குடலுக்கே திரும்பும், சில வாரங்களில் கசிவு ஆறிவிடும். நாளமே அறுந்திருந்தால் சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து கல்லீரல் நாளத்தோடு தைக்க வேண்டும். இதைக் கல்லீரல்-பித்தநாளச் சிறப்பு மருத்துவரே செய்வது நல்லது. அனுபவமில்லாத முதல் முயற்சி தோற்றால் அடுத்துத் தைக்க நல்ல நாளம் குறைந்துபோகும். அந்தத் தையல் பல ஆண்டுகள் கழித்தும் சுருங்கலாம். மஞ்சள் காமாலை தெரியுமுன்பே ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி ஏறத் தொடங்கும் என்பதால், நலமாக இருக்கும்போதும் கல்லீரல் பரிசோதனையைத் தொடர வேண்டும்.