கொத்துகளுக்குச் சொந்த ஊர் எது?

மே மாத நடுவில் இரவு ஒன்பதரை மணி வாக்கில் திருவொற்றியூர் கடற்கரையில் தெற்கே பார்த்து நின்றால், துறைமுகப் பக்கத்து விளக்குகளுக்கு மேலே ஒமேகா சென்டாரி இருக்கும். கையை நீட்டி முஷ்டி மேல் முஷ்டியாக மூன்று வைத்தால் அந்த உயரம். நகர வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்குச் சிக்காது, பைனாகுலர் வேண்டும். படகுக்கார அண்ணன் ஒருவருக்குக் காட்டினேன். "இன்னாபா, கண்ணாடில அழுக்கு ஒட்டிக்கினு கீதே?" என்றார்.

அந்த அழுக்கு 17,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சுமார் ஒரு கோடி விண்மீன்கள், ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு ஒரே உருண்டையாக. இப்படிப்பட்டவற்றைக் கோளக் கொத்து என்போம். பெரும்பாலும் 1,000 கோடி ஆண்டுக்கு மேல் வயதானவை. நம் பால்வீதியில் 150க்குச் சற்று மேல் உண்டு. கன்னி ராசித் திசையில், ஐந்து கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள எம்87 என்ற ராட்சத நீள்வட்ட கேலக்ஸியிலோ சுமார் 12,000! (2019இல் கருந்துளைப் படம் வந்ததே, அதே கேலக்ஸிதான்.) உருவம் பெரிது என்பதை மட்டும் சொல்லி இந்தக் கணக்கை முடிக்க முடியாது. அதன் ஒளிக்கு ஏற்ற அளவைவிடவும் கொத்துகள் அதிகம்.

முதலில் ஒரு கொத்து எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். வாயு மேகம் தன் எடையாலேயே சுருங்கி விண்மீன்களாகிறது. சாதாரண மேகத்தில் சிறு பங்கு வாயுதான் விண்மீனாக மாறும். அதற்குள் புதிதாகப் பிறந்த பெரிய விண்மீன்களின் ஒளியும் வெடிப்புகளும் மிச்ச வாயுவை ஊதித் தள்ளிவிடும். வாயுவின் எடை போனதும் பிடிப்பு தளர்ந்து, பிள்ளைகள் திசைக்கொன்றாகப் பிரிந்துவிடுவார்கள். கொத்து நிலைக்க வேண்டுமென்றால் மேகத்தை வெளியிலிருந்து ஏதாவது பலமாக அழுத்த வேண்டும். அப்போது சில லட்சம் ஆண்டுகளிலேயே பெரும்பகுதி வாயு விண்மீனாகி, பிடிப்பு தங்கிவிடும்.

அந்த அழுத்தம் எங்கே கிடைக்கும்? இரண்டு கேலக்ஸிகள் மோதும் இடத்தில் கிடைக்கும். மோதலில் விண்மீன்கள் இடித்துக்கொள்வதில்லை, இடைவெளி அவ்வளவு. வாயுதான் வாயுவோடு முட்டி நசுங்குகிறது. இதை வைத்து 1992இல் கீத் ஆஷ்மன், ஸ்டீபன் ஸெப்ஃப் என்ற இரு வானியலாளர்கள் ஒன்று சொன்னார்கள்: இரு சுருள் கேலக்ஸிகள் சேர்ந்து நீள்வட்டமானால், அதில் பழைய கொத்து, மோதலில் பிறந்த கொத்து என்று இருவகை இருக்க வேண்டும். அப்புறம் ஹபிள் தொலைநோக்கி, மோதிக்கொண்டிருக்கும் ஆன்டெனா கேலக்ஸிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் கொத்துகளைக் காட்டியது. ராட்சத நீள்வட்டங்களில் நீலம், சிவப்பு என்று இரு நிறக் கொத்துகளும் தென்பட்டன.

நிறம் என்றதும் வயது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டுமே கிழங்கள். வித்தியாசம் உலோகத்தில். (ஹீலியத்தைவிடக் கனமான எல்லாமே வானியலாளருக்கு 'உலோகம்'தான், ஆக்சிஜன் உட்பட. வேதியியல் வாத்தியார் மன்னிக்கட்டும்.) உலோகம் குறைந்தால் நீலம், கூடினால் சிவப்பு. பெரிய கேலக்ஸி தன் வெடிப்புகளில் விளைந்த உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குட்டி கேலக்ஸியால் முடியாது. ஆகவே நிறம் என்பது கொத்தின் சொந்த ஊர் முத்திரை.

இங்கேதான் மோதல் கதைக்கு ஒரு சிக்கல். அளவுக்கு மிஞ்சிய கொத்தெல்லாம் பெரிய கேலக்ஸிகளின் மோதலில் பிறந்ததென்றால் சிவப்புதான் குவிந்திருக்க வேண்டும். ஆனால் ராட்சதங்களில் நீலமும் ஏராளம், அதுவும் வெளிப்புறம் வரை பரவிக் கிடக்கிறது.

எங்கள் ஊரை வைத்துச் சொன்னால் எளிது. திருவொற்றியூர் 2011இல்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆனால் இங்கிருக்கும் தியாகராஜர் கோயில் தேவாரம் பாடப்பட்ட தலம். 1639இல் ஆங்கிலேயர் நிலம் வாங்கித் தொடங்கிய மதராஸைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. மாநகராட்சி அதைக் கட்டவில்லை, ஊரோடு சேர்ந்து வந்தது. எம்87இன் நீலக் கொத்துகளில் பெரும்பகுதியும் அப்படித்தான். அது விழுங்கிய குட்டி கேலக்ஸிகள் கொண்டுவந்த சீர். சிவப்பு, மையத்தை ஒட்டிப் பெரிய வீட்டிலேயே பிறந்தவை.

சரி, குட்டி கேலக்ஸிகளுக்கு அந்த அழுத்தம் எப்படி வந்தது? ஆதியில் எல்லா கேலக்ஸியும் வாயு நிறைந்து, நெருக்கமாக, கொந்தளித்துக்கொண்டே இருந்தன. மோதல் கட்டாயமில்லை. 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கித் தரவிலிருந்து, பெருவெடிப்புக்கு 46 கோடி ஆண்டுக்குப் பின் இருந்த ஒரே கேலக்ஸியில் ஐந்து இளம் கொத்துகள் அடையாளம் காணப்பட்டன.

பிறந்ததெல்லாம் பிழைக்கவும் இல்லை. அடர்ந்த வாயுவுக்குள்ளேயே தங்கிய கொத்தை, கடந்து போகும் மேகங்களின் ஈர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துவிடும். பெரிய கேலக்ஸி ஒன்று விழுங்கும்போது வெளிப்புறத்துக்கு வீசப்பட்டவை தப்பித்தன. விழுங்கியதுதான் காப்பாற்றியது என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகவே இருக்கிறது.

ஒமேகா சென்டாரியும், பால்வீதி விழுங்கிய ஒரு குட்டி கேலக்ஸியின் நடுப்பகுதியாக இருக்கலாம் என்று வானியலாளர் பலர் கருதுகிறார்கள். அண்ணனிடம் சொன்னேன். "அப்போ இது நம்ம ஏரியா இல்லியா?" என்றார். வந்து சேர்ந்ததுண்ணே என்றேன். தென்கிழக்கில் கடலுக்கு மேல் கேட்டை சிவப்பாக ஏறியிருந்தது. பக்கத்திலேயே எம்4 என்று இன்னொரு கொத்து இருக்கிறது என்று சொன்னதும் அந்தப் பக்கம் திரும்பினார். பைனாகுலர் என் கைக்கு வர வெகுநேரம் ஆயிற்று.