மண் தண்ணிதானே என்று லோங்காங்கில் விடாதீர்கள்

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கட்டுமானத் தளம். மழை விட்டதும், தோண்டிய குழியில் தேங்கிய சேற்றுத் தண்ணீரை பம்ப் போட்டு நேராக லோங்காங்கில், அதாவது மழைநீர் வடிகாலில், இறைத்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். "மண் தண்ணிதானே அண்ணே, கெமிக்கலா கலந்திருக்கு?" என்றார் சூப்பர்வைசர். மண் அரிப்பைக் கட்டுப்படுத்துவதுதான் என் வேலை. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மண் தானாகவே அடியில் படிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மணல் படியும், சில நிமிடங்களில். களிமண் படியாது. அந்தத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். மறுநாள் காலையில் அடியில் விரல் கனத்துக்கு மணல். மேலே அதே தே தாரிக் நிறம், பால் டீ மாதிரி! களித்துகள் அவ்வளவு நுண்ணியது, நாள்கணக்கில் மிதக்கும். மருந்து கலந்து திரளவைத்தால்தான் இறங்கும். அதனால்தான் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் திடப்பொருள் மிதக்கும் நீரை வடிகாலில் விடக்கூடாது என்பது சட்டம்.

முன்பு இந்த வடிகட்டும் வேலையை நிலமே பார்த்துக்கொண்டது. 1961இல் தொழிற்பேட்டை வேலை தொடங்கும்வரை ஜூரோங்கில் குன்றுகளும் சதுப்புநிலக் காடுகளும்தான். மழைநீர் சருகில் ஊறி, வேர்களுக்கிடையில் தங்கி, வண்டலை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். குன்றை வெட்டிச் சதுப்பை நிரப்பியாயிற்று. இப்போது இருப்பது சிமெண்ட் கால்வாய், அதில் எதுவும் தங்காது. கடலுக்குப் போகும் சேறு வெளிச்சத்தை மறைத்துப் பவளத்தையும் கடற்புல்லையும் வாட்டும். நீர்த்தேக்கத்துக்குப் போனால்? இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் பெய்யும் மழை குடிநீருக்காகத்தான் சேகரிக்கப்படுகிறது. உங்கள் பிள்ளை குடிக்கும் தண்ணீர் அது.

வெட்டிய சரிவை அன்றன்றே கேன்வாஸ் போட்டு மூடுங்கள். வேலை நடக்காத இடத்தில் புல்லைச் செதுக்காதீர்கள், முழுத் தளத்தையும் ஒரே நாளில் மொட்டையடிக்க யார் சொன்னது? லாரி டயரைக் கழுவாமல் சாலைக்கு விடாதீர்கள். சேற்றைப் படியவைக்கும் வண்டல் தொட்டி நிரம்பிவிட்டால் அது தொட்டியே இல்லை, சேற்றை உடனே வாரி எடுங்கள். கேமரா இல்லாத பக்கமாகக் குழாயைத் திருப்புவதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், பம்ப் ஓட்டும் தம்பிகளுக்கு ஒன்று. சுவிட்சைப் போடும் முன் குழாயின் மறுமுனை எங்கே கிடக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். லோங்காங்கில் கிடந்தால் போடாதீர்கள், சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.