மழை வந்தால் நெட் போகிறதா? கேபிளைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் கடலோர ஊர்களிலிருந்து எங்களுக்கு ஒரே மாதிரி புகார்தான் வரும், மழை பெய்தால் நெட் போகிறது, வெயில் அடித்தால் தானாக வந்துவிடுகிறது என்று. சிக்னலை மழை தடுக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். கம்பியில்லாமல் நெட் சிக்னலை வாங்க மொட்டை மாடிகளில் நாம் மாட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு, இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில், எவ்வளவு கனமழை பெய்தாலும் அது ஒரு பொருட்டே இல்லை. கோளாறு பெரும்பாலும் கேபிளிலும் கனெக்டரிலும்தான்.

காசை மிச்சம் பிடிக்க வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற கேபிளையே மாடிக்கும் இழுத்துவிடுகிறார்கள். அதன் மேலுறை வெயில் தாங்காது. சித்திரை, வைகாசியில் வெடிக்கும், ஐப்பசியில் அந்த வெடிப்பு வழியாக இறங்கும் தண்ணீர் உறைக்குள்ளேயே ஓடி, கீழே அறையில் இருக்கும் அடாப்டர் வரை வந்து சேரும். அதே கேபிளில்தான் ரேடியோவுக்கு 24 அல்லது 48 வோல்ட் டிசி மின்சாரமும் போகிறது, ஈரத்தோடு அது சேர்ந்தால் பின்கள் பச்சை பூத்து அரித்துப்போகும், அப்புறம் வெயில் வந்தாலும் நெட் வராது. வெளியே போடுவதற்கென்றே வரும் கறுப்பு பாலிஎத்திலீன் உறை கேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

ரேடியோ இருக்கும் பெட்டியில் ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாமல் தாங்குவதற்கான தர எண்) என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். கேபிள் நுழையும் இடத்து ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. கேபிள் எப்போதும் கீழிருந்துதான் பெட்டிக்குள் ஏற வேண்டும். நுழைவதற்கு முன் அது ஒரு வளைவாகத் தொங்கட்டும், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பெட்டியின் அடியில் இருக்கும் சின்ன வடிகால் துளையை மட்டும் தயவுசெய்து அடைக்காதீர்கள், பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ளேயே நீர் கோக்கும், அது வெளியேற வேறு வழி கிடையாது. இடைவெளியை அடைக்க, புளித்த வாடை அடிக்கும் சாதா சிலிக்கான் பசையும் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும், அந்த அமிலம் வராத நியூட்ரல் வகை கிடைக்கிறது.

தனி ஆன்டெனா இருந்தால் கனெக்டரில் ரப்பர் டேப்பை இழுத்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றுங்கள்.

உப்புக் காற்றுக்குச் சாதா கிளாம்ப் சீக்கிரமே துருப்பிடிக்கும், 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். இடி மின்னலின்போது கேபிளில் திடீரென ஏறும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டரை மாட்டிவிட்டு எர்த் கொடுக்காமல் போகிறவர்கள் நிறைய, எர்த் இல்லாவிட்டால் அது வெறும் டப்பா, மாட்ட வந்த ஆள் கிளம்புவதற்கு முன்பே கேட்டு, ஒயர் எங்கே போய் முடிகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.