பெனின் தலையின் உச்சியில் ஓட்டை எதற்கு?

அருங்காட்சியகத்தில் பெனின் அரசத் தலையைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: உச்சந்தலையில் ஏன் ஓட்டை, உடைந்துவிட்டதா?

இல்லை. நைஜீரியாவின் பெனின் நகரில், எடோ மக்களின் புதிய ஓபா, அதாவது அரசர், இறந்த தந்தைக்கு மேடை எழுப்பி அதில் பித்தளைத் தலைகளை வைப்பார். ஓட்டையில் செதுக்கிய யானைத்தந்தம் நிற்கும். பக்கத்தில் மணியும் கிலுகிலுக்கும் கோலும் இருக்கும். அவற்றை ஒலித்து முன்னோரை அழைப்பார்கள். 1897இல் பிரிட்டிஷ் படை அரண்மனையைச் சூறையாடியது. தலை ஒரு பக்கம், தந்தம் ஒரு பக்கம் என்று போனதால் இன்று வெறும் ஓட்டை தெரிகிறது.

அந்த ஓட்டையால் வார்ப்பவருக்கும் லாபம் உண்டு. பெனின் நகரின் வார்ப்பவர்கள் வாழும் இகுன் தெருவில் நடப்பது மெழுகு வார்ப்பு. உள்ளே மண் கரு, அதன்மேல் மெழுகில் முகம், அதன்மேல் மறுபடி மண். சுட்டால் மெழுகு வடியும், அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றலாம். சரி, மெழுகு போனபின் கரு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? கழுத்தடியில் மெழுகு கிடையாது. உள்மண்ணும் வெளிமண்ணும் அங்கே ஒன்றாகிவிடும். உச்சியிலும் மெழுகில்லாமல் விட்டால் கருவுக்கு இரண்டு முனையிலும் பிடி. நடுவில் ஆடாமலிருக்க மெழுகைத் துளைத்து இரும்பு ஆணி இறக்குவார்கள். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். பித்தளை ஆயிரத்துக்குள்ளேயே இளகிவிடும், ஆணி அசையாது. பழைய தலைகளின் சுவர் சில மில்லிமீட்டர்தான். கரு கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் உலோகம் எட்டாமல் பொத்தலாகும்.

கருவில் ஈரம் தங்கினால் நீராவி உலோகத்தில் குமிழியிடும். கரு இறுகிப்போனாலும் ஆபத்து: ஆறும்போது பித்தளை ஏறக்குறைய 2 சதவீதம் சுருங்கும், விட்டுக்கொடுக்காத கருமேல் இறுகி வெடிக்கும். உலோகம் உருக்கும் மூசையை அதிகம் காய்ச்சினால் பித்தளையில் உள்ள துத்தநாகம் வெண்புகையாகப் போகும். அதன் கொதிநிலை 907 டிகிரிதான். அளவு கேட்டால், 1 கிலோ மெழுகுக்கு 9 கிலோ பித்தளை, உலோகம் உள்ளே ஓடும் வாய்க்காலுக்குத் தனி.

பிற்காலத் தலைகள் தடித்தவை, கனமானவை. போர்த்துக்கீசியர் வணிகத்தில் பணமாகக் கொண்டுவந்த மனிலா என்ற வளையங்களால் பித்தளைக்குப் பஞ்சமில்லாமல் போனதும் ஒரு காரணம். கப்பல் சிதைவுகளிலும் நிலத்திலும் கிடைத்த 67 மனிலாக்களில், உலோகம் எந்தச் சுரங்கத்தது என்று காட்டும் ஈய ஐசோடோப்புகளை அளந்த 2023 ஆய்வு, அந்த உலோகம் பெரும்பாலும் ஜெர்மனியின் ரைன்லாந்துச் சுரங்கங்களிலிருந்து வந்தது என்கிறது. பழைய வளையத்தைச் சுரண்டிப் பார்க்கவா பணம் என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இன்னும் கொடுக்கலாம்.