"ஊசிதானே டாக்டர், ஆபரேஷன் இல்லையே!"

தீபாவளி நெருங்கினாலே மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இது தொடங்கிவிடுகிறது. மூக்கு நுனி கறுத்து, புருவ நடுவில் கொப்புளம் கட்டி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறார்கள். கைப்பேசியில் நெற்றியில் ஒரு கோடுகூட இல்லாத ஐம்பது வயது நடிகையின் படம். தோலுக்கடியில் ஜெல் ஏற்றிச் சுருக்கத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டிருக்கிறார்கள். போட்ட இடம் சலூன் மாடியறை. கேட்டால், "ஊசிதானே?"

இந்த "தானே"தான் எரிச்சலூட்டுகிறது. கத்தி எங்கே வெட்டுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஊசி முனை தோலுக்கடியில் எங்கே நிற்கிறது என்று தெரியாது. மூக்குத் தண்டிலும் புருவ நடுவிலும் ஓடும் சின்னத் தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு சேர்ந்தவை. முனை அதற்குள் இருக்கும்போது அழுத்தினால், ஜெல் பின்னோக்கிப் பாய்ந்து விழித்திரைக்கு ரத்தம் போகும் வழியை அடைக்கும். 0.1 மில்லி போதும். போன பார்வை திரும்புவது அபூர்வம்.

கண் தப்பினாலும் தோல் கெடும். முதலில் வெளுக்கும், பிறகு வலை பின்னியதுபோல் ஊதாவாகும். விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். இரண்டு மூன்று வினாடியில் நிறம் திரும்பாவிட்டால் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. இதற்கு ஐஸ் வைக்கச் சொல்கிறார்கள்! ஐஸ் மிச்சமுள்ள குழாயையும் சுருக்கும். வேண்டியது வெதுவெதுப்பான ஒத்தடம், உடனே ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் ஊசி. ஓரிரு நாளில் கிளம்பும் கொப்புளத்தைப் பரு என்று நினைத்துக் களிம்பு பூசுவது இன்னொரு கூத்து. ஹயலுரோனிடேஸும் ஹயலுரோனிக் அமில ஃபில்லரைத்தான் கரைக்கும். உள்ளே போனது சிலிக்கோன் எண்ணெய் என்றால் கரைக்க மருந்தே இல்லை.

நடிகைகளின் நெற்றியும் ஒரே ஊசியில் வந்ததல்ல. தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் போடாக்ஸ் ஊசி மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். மீண்டும் மீண்டும் போட வேண்டும். மீதி விளக்கும் மேக்கப்பும். வசதிக்குக் குறைவில்லாத மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டாவே, கொழுப்பை உறையவைக்கும் சிகிச்சைக்குப் பிறகு கொழுப்பு குறையாமல் கூடிப்போனதாக 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

போட்டே ஆக வேண்டுமா? டாக்டரிடம், அழகு சிகிச்சை செய்ய சுகாதார அமைச்சு தரும் எல்சிபி சான்றிதழைக் கேளுங்கள். பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். போடாக்ஸ் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவெண் இருக்க வேண்டும். ஹயலுரோனிடேஸ் கைவசம் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வெளுப்பாக்கும் குளூட்டாதயோன் ஊசிக்கு இந்நாட்டில் அனுமதியே கிடையாது, பேரம் பேசாதீர்கள்.

செம்பனைத் தோட்ட வெயிலில் நிற்கும் அக்காமாரே, சுருக்கத்துக்குப் பெரிய காரணம் அந்த வெயில்தான். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளம் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். இரண்டு மணிக்கொரு முறை மறுபடியும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டு, கண் மங்கினால் சலூனுக்குப் போன் பண்ணி நேரத்தைக் கடத்தாதீர்கள். நேரே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. மருந்துப் பெட்டியையும் எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அம்மா. உள்ளே போனது என்னவென்று தெரிந்தால்தான் எங்களால் எதுவும் செய்ய முடியும்.